எண்கள் கதையை நடத்தும் திரைப்படங்கள்: ஏழில் எதை முதலில் பார்ப்பது?

புள்ளியியலும் கணக்கீடும் மையமாக அமைந்த திரைப்படம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறவருக்குப் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. மணிபால், தி பிக் ஷார்ட், மார்ஜின் கால், 21, கன்டேஜியன் என்று அது நீளும். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்லப்படுவதால் தேர்வு எளிதாவதில்லை. விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர் மணிபாலைத் தவிர்த்துவிடுகிறார். நிதிச் சந்தையின் சொற்கள் தெரியாதவர் தி பிக் ஷார்ட்டை அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறார். வகுப்பில் காட்டுவதற்காகத் தேடும் ஆசிரியர், பிழையான கணக்கு உள்ள படத்தை அறியாமல் எடுத்துவிடுகிறார். இந்தப் படங்கள் ஒவ்வொன்றும் புள்ளியியலின் வெவ்வேறு மூலையைத் தொடுகின்றன என்பதால், எது சிறந்தது என்று கேட்பதைவிட யாருக்கு எது பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும். வழக்கமான பட்டியல்களில் இடம்பெறாத ஸ்பாட்லைட், வொர்த் ஆகிய இரண்டு படங்களையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறேன். அவற்றுக்கு அந்த இடம் உரியது என்பது என் உறுதியான கருத்து.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுவது

முதலாவதும் முக்கியமானதும் இது: எண்ணை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நாயகன் கணிதப் பேராசிரியர் என்பதாலோ, கரும்பலகை நிறையச் சமன்பாடுகள் தெரிகின்றன என்பதாலோ ஒரு படம் எண்களைப் பற்றிய படமாகிவிடாது. ஒரு விகிதமோ மதிப்பீடோ நிகழ்தகவோ, கதையில் வரும் ஒருவரை அவர் அதுவரை துணியாத செயலுக்குத் தள்ள வேண்டும். எ பியூட்டிஃபுல் மைண்ட் (2001) இந்தக் காரணத்தால்தான் இங்கே இல்லை. அது ஒரு கணித மேதையின் நோயையும் மணவாழ்வையும் பற்றிய நல்ல படம். அவருடைய துறையை இயற்பியலாக மாற்றினாலும் கதை அசையாது. ஹிடன் ஃபிகர்ஸ் (2016) வேறொரு காரணத்தால் வெளியே நிற்கிறது. 1962 பிப்ரவரி 20 அன்று விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவந்த பயணத்துக்குமுன், கணினி தந்த எண்களை நாசாவின் கணிதவியலர் கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்த்தது வரலாறு. ஆனால் அது ஒரே விடை உள்ள கணக்கீடு. நிச்சயமின்மையோடு போராடும் புள்ளியியல் அதில் குறைவு. பள்ளி வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதானால், இங்குள்ள ஏழையும் விட்டுவிட்டு அதையே எடுக்கலாம்.

இரண்டாவது, திரையில் காட்டப்படும் கணக்கு சரிதானா என்பது. மூன்றாவது, பார்ப்பவருக்கு முன்கூட்டியே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. நான்காவது, மறைவான விலை. ஒரு படம் எதைச் சொல்லாமல் விட்டது, அதனால் நாம் எந்தத் தவறான எண்ணத்தோடு எழுந்து போவோம் என்பதும் விலைதான். படம் மனத்தில் ஏற்றும் பாரமும், குடும்பத்தோடு பார்க்க இயலாத காட்சிகளும் விலைதான்.

| படம் | எந்தக் கருத்து | எண்ணை நீக்கினால் | கணக்கின் நம்பகம் | தேவையான முன்னறிவு | மறைவான விலை |
|---|---|---|---|---|---|
| மணிபால் (2011) | மதிப்பிடுதல், தேர்வுச் சார்பு | கதையே இல்லை | நன்று; விடுபட்டவை பல | மிகக் குறைவு | வெற்றிக்கான காரணம் ஒன்றே எனத் தோன்றும் |
| ஸ்பாட்லைட் (2015) | மதிப்பீடும் சரிபார்ப்பும் | கதை சுருங்கிவிடும் | மிக நன்று | எதுவும் வேண்டாம் | மிகுந்த மனப்பாரம் |
| தி பிக் ஷார்ட் (2015) | ஒட்டுறவு (ஒன்றோடொன்று சேர்ந்து மாறுதல்), இடர் | கதையே இல்லை | நன்று | ஓரளவு | வேகம்; ஆபாசக் காட்சிகள் |
| மார்ஜின் கால் (2011) | கணிப்பு மாதிரியின் எல்லை | கதையே இல்லை | மேலோட்டம். ஒரு பெரும்பிழை | ஓரளவு | எதையும் விளக்காது |
| கன்டேஜியன் (2011) | பெருக்கம், பரவல் | பாதி நிற்கும் | பெரும்பாலும் நன்று | குறைவு | கொள்ளைநோய் நினைவுகள் |
| 21 (2008) | நிகழ்தகவு | கதையே இல்லை | அரைகுறை | குறைவு | சூதாட்டம் எளிதெனத் தோன்றும் |
| வொர்த் (2020) | சூத்திரமும் நீதியும் | கதையே இல்லை | நன்று | எதுவும் வேண்டாம் | மெதுவான நடை |

## மணிபால்

ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் 2002-ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிய படம் இது. இயக்கியவர் பென்னட் மில்லர். பொது மேலாளர் பில்லி பீனாக பிராட் பிட் நடித்தார். படத்தின் தொடக்கத்திலேயே இரண்டு அணிகளின் சம்பளச் செலவு திரையில் எழுத்தாக வருகிறது: நியூயார்க் யாங்கீஸ் அணிக்குச் சுமார் 11.4 கோடி டாலர், ஓக்லாண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர். பணத்தால் வெல்ல முடியாத அணி, சந்தை தவறாக விலையிட்ட ஆட்டக்காரர்களைத் தேடிப் போவதே கதை.

இந்தப் படத்தை ஏன் முதலிடத்தில் வைக்கிறேன் என்பதற்கு ஒரே காட்சி போதும். அனுபவம் மிக்க திறன் தேடுநர்கள் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வோர் ஆட்டக்காரரையும் எடை போடுகிறார்கள். ஒருவருடைய தாடை அமைப்பு பேசப்படுகிறது. மட்டையில் பந்து படும் ஓசை பேசப்படுகிறது. ஒருவருடைய காதலி அழகாக இல்லை, ஆகவே அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று ஒரு பெரியவர் முழு நம்பிக்கையோடு சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் பார்த்த கண் தனக்குப் பழகிய அடையாளங்களையே திறமை என்று எடுத்துக்கொள்வதை அந்த மேசை அப்படியே காட்டுகிறது. அதற்கு எதிராக பீனின் இளம் உதவியாளர் வைப்பது ஒரே கேள்விதான்: இவர் எத்தனை விழுக்காடு ஆட்டமிழக்காமல் தளத்தை (ஓட்டம் எடுக்கும் வழியில் உள்ள நிலையை) அடைகிறார்? அடித்து அடைந்தாரா, எறிபவரின் தவறான பந்துகளை விட்டுவிட்டு நடந்து போய் அடைந்தாரா என்பது பொருட்டில்லை. பேஸ்பால் விதிகள் தெரியாதவருக்கும் இந்த மோதல் புரியும். புள்ளியியல் என்பது கண்ணால் பார்ப்பதைத் திருத்தும் கருவி என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு படத்தை நான் அறியேன்.

மறைவான விலைக்கு வருவோம். அந்த ஆண்டு ஓக்லாண்ட் 103 ஆட்டங்களை வென்றது, தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்றது என்பவை உண்மை. ஆனால் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ என்ற மூன்று தலைசிறந்த எறிபவர்கள் அணியில் இருந்ததையும், அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்ற மிகேல் தெஹாதா அதே அணியில் ஆடியதையும் படம் ஏறக்குறையச் சொல்லவேயில்லை. ஆகவே, குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட சிலர் தனியாக அணியைத் தூக்கி நிறுத்தினார்கள் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு ஏற்பட்டுவிடுகிறது. பல காரணங்கள் சேர்ந்து விளைந்த ஒன்றுக்கு ஒற்றைக் காரணம் சொல்வது புள்ளியியல் கற்பிக்கும் பாடத்துக்கே முரணானது. படத்தின் உச்சக்கட்டமும் இப்படித்தான். இருபதாவது வெற்றியின்போது 11-0 என்று முன்னிலையில் இருந்த அணி 11-11 என்று சரிந்து, ஸ்காட் ஹாட்டெபெர்க் எல்லையைத் தாண்டிப் பறக்க அடித்த ஹோம் ரன்னால் 12-11 என்று வென்றது. இதுவும் நடந்ததுதான். ஆனாலும் நடந்து போய்த் தளத்தை அடைவதை நம்பிய ஒரு முறையின் கதைக்கு, வானளாவப் பறக்கும் பந்தே உச்சமாக அமைந்தது திரையின் கட்டாயம்.

படம் தொட்டுவிட்டு விட்டுவிடுகிற இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் பருவம் முழுவதும் சிறந்து ஆடிய அணி, பருவம் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றுப் போட்டிகளின் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் ஐந்து ஆட்டத் தொடரில் தோற்றது. முறை தோற்றதென்று படத்தில் சிலர் சொல்கிறார்கள். கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. பத்தில் ஆறு ஆட்டங்களை வெல்லக்கூடிய அணி, ஐந்து ஆட்டத் தொடர் ஒன்றை வெல்வதற்கான வாய்ப்பு சுமார் 68 விழுக்காடுதான்; ஏறக்குறைய மூன்று தொடர்களில் ஒன்றை அது தோற்கும். பருவத்தின் 162 ஆட்டங்கள் சொல்வதை ஐந்து ஆட்டங்கள் மறுத்துவிட முடியாது. இதைப் படம் ஒரு வசனத்திலாவது சொல்லியிருக்கலாம்.

## ஸ்பாட்லைட்

பாஸ்டன் குளோப் நாளிதழின் புலனாய்வுக் குழு, கத்தோலிக்கக் குருமார் சிலர் சிறார்மீது இழைத்த பாலியல் வன்கொடுமையையும் அதைத் திருச்சபை மறைத்ததையும் வெளிக்கொண்டுவந்த கதை. டாம் மெக்கார்த்தி இயக்கினார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. இதை யாரும் புள்ளியியல் படம் என்று சொல்வதில்லை. ஆனால் படத்தின் நடுவே கதையைத் திருப்புவது ஒரு விழுக்காட்டுக் கணக்கு.

குழுவிடம் பதின்மூன்று பெயர்கள் இருக்கின்றன. இந்தத் துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்த ரிச்சர்ட் சைப் தொலைபேசியில் அந்த எண்ணைக் கேட்டதும், அது குறைவாகத் தெரிகிறது என்கிறார். தன் ஆய்வின்படி குருமாரில் சுமார் 6 விழுக்காட்டினர் இப்படி நடந்திருக்கக்கூடும் என்கிறார். பாஸ்டனில் ஏறத்தாழ 1,500 குருமார் உண்டு. ஆறு விழுக்காடு என்றால் தொண்ணூறு. அந்த எண்ணைக் கேட்டவுடன் தொலைபேசியைச் சுற்றி இருப்பவர்கள் உறைந்துபோகிறார்கள். தொண்ணூறு பேர் இருந்தால் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காதே என்ற மறுப்பு உடனே எழுகிறது. இதுதான் புள்ளியியலின் மிகப் பழைய நெருக்கடி: மதிப்பீடு ஒன்றைச் சொல்கிறது, நம் கண் பார்த்தது வேறொன்றைச் சொல்கிறது.

அடுத்து அவர்கள் செய்வது மெச்சத்தக்கது. மதிப்பீட்டை அச்சிட்டுவிடாமல், அதைச் சோதிக்கத் தனியான வழி ஒன்றைத் தேடுகிறார்கள். திருச்சபை ஆண்டுதோறும் வெளியிடும் குருமார் விவரப் புத்தகங்களை எடுத்து, மருத்துவ விடுப்பு, பணி ஒதுக்கப்படாதவர் என்பன போன்ற குறிப்புகளுடன் அடிக்கடி இடம் மாற்றப்பட்டவர்களை வரிவரியாகப் பிடித்து, விரிதாளில் ஏற்றுகிறார்கள். கிடைப்பது 87. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. விடுப்பில் இருந்தவரெல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் வேறு சான்று தேடி அலைகிறார்கள். தரவுகளிலிருந்து கிடைத்த பட்டியல் விசாரணையின் தொடக்கம் மட்டுமே என்பதை இந்தப் படம் போலச் சொல்லிக்கொடுக்கும் பாடநூலும் அரிது.

படத்தின் இறுதி எழுத்துகளில் 249 குருமாரும் சகோதரர்களும் பொதுவெளியில் குற்றம் சாட்டப்பட்டதாக வருகிறது. 90 என்ற மதிப்பீடு தவறாகிவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். வகுக்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும்: 1,500 என்பது ஒரு காலகட்டத்தில் பணியில் இருந்தவர்கள், 249 என்பது பல பத்தாண்டுகளில் பணியாற்றியவர்களிலிருந்து வருவது. அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் ஜே கல்லூரி 2004-இல் வெளியிட்ட அறிக்கை, 1950 முதல் 2002 வரை 4,392 குருமார்மீது குற்றச்சாட்டு எழுந்ததாகவும் அது மொத்தத்தில் சுமார் 4 விழுக்காடு என்றும் கூறியது. படத்தைப் பார்த்தபின் இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

விலை வெளிப்படையானது. பாதிக்கப்பட்டவர்கள் பேசும் காட்சிகள் எளிதில் நீங்காதவை. கொடுமை எதுவும் திரையில் காட்டப்படாவிட்டாலும், சொற்களே போதுமான அளவு வலிக்கின்றன. பள்ளி மாணவர்களுக்கு முழுப் படத்தையும் காட்ட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## தி பிக் ஷார்ட்

2008 நிதி நெருக்கடியைப் பற்றி ஆடம் மெக்கே இயக்கிய இந்தப் படமும் அடுத்து வரும் மார்ஜின் காலும் ஒரே சரிவைப் பேசுவதால், இரண்டில் எது என்ற குழப்பம் பலருக்கு வருகிறது. தி பிக் ஷார்ட் விளக்கும் படம். மீன் குழம்பு வைக்கும் சமையற்கலைஞரும், சூதாட்ட மேசையில் அமர்ந்த பொருளியலர் ரிச்சர்ட் தேலரும் நேராகப் பார்வையாளரைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். மைக்கேல் பரியாக வரும் கிறிஸ்டியன் பேல், ஆயிரக்கணக்கான வீட்டுக்கடன்களின் விவரத்தை ஒவ்வொன்றாகப் படித்து, அவை எப்போது திரும்பாமல் போகும் என்று கண்டுபிடித்து, அவை மூழ்கும் என்று பந்தயம் கட்டுகிறார். பல கடன்களைச் சேர்த்து விற்ற தொகுப்பின் பெயரையும் தரச்சான்றையும் மட்டும் எல்லோரும் பார்த்தபோது ஒருவர் மட்டும் உள்ளே இருந்த தரவைப் படித்தார் என்பதே கதையின் அச்சாணி.

படம் சொல்லும் மையக் கருத்தைச் சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கடன்கள் உள்ளன, ஒவ்வொன்றும் திரும்பாமல் போக பத்தில் ஒரு வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று கொண்டால், நான்கும் ஒன்றாக மூழ்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. வீட்டு விலை சரிந்தால் நான்கும் சேர்ந்தே மூழ்கும் என்றால், அதே வாய்ப்பு பத்தில் ஒன்றாகிவிடும். இடர் ஆயிரம் மடங்கு கூடுகிறது. கடன் வாங்கியவர்களில் ஒருவரும் மாறவில்லை. நாடு முழுவதும் வீட்டு விலை ஒரே நேரத்தில் விழாது என்ற நம்பிக்கையின்மேல் தரச்சான்றுகள் கட்டப்பட்டிருந்தன.

இதன் மறைவான விலை, சரியாகக் கணித்தவர்களின் கதையை மட்டும் நாம் கேட்கிறோம் என்பது. இதே பந்தயத்தைச் சில ஆண்டுகள் முன்னதாகக் கட்டி, பந்தயத்துக்கான தவணையைத் தொடர்ந்து கட்ட முடியாமல் விலகியவர்கள் திரையில் வருவதில்லை. பரியே முதலீட்டாளர்களின் கோபத்துக்கு ஆளாகி, பணத்தைத் திரும்பப் பெறுவதற்குத் தடை விதிக்க நேர்ந்ததைப் படம் காட்டுவது அதன் நேர்மைக்குச் சான்று. கெட்ட வார்த்தைகளும் இரவு விடுதிக் காட்சியும் இருப்பதால் எல்லோரோடும் அமர்ந்து பார்க்க ஏற்றதல்ல. வசனம் அதிவேகமாகப் போவதால் துணைத் தலைப்புகளைப் படித்தே பார்ப்பவர் சில இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

## மார்ஜின் கால்

ஜே. சி. சாண்டர் இயக்கியது, பெயர் சொல்லப்படாத ஒரு முதலீட்டு வங்கியில் ஏறக்குறைய ஒரே நாளில் நடப்பது. பணிநீக்கம் செய்யப்பட்ட இடர் மேலாளர் விட்டுச்சென்ற கோப்பை ஓர் இளைஞர் இரவில் முடித்துப் பார்க்கிறார். நிறுவனம் இடரைக் கணிக்கப் பயன்படுத்தும் மாதிரி, சந்தையின் பழைய ஏற்ற இறக்க எல்லைக்குள் மட்டுமே சரியாக இயங்கும். அந்த எல்லை ஏற்கெனவே பலமுறை மீறப்பட்டிருக்கிறது. அதன்பின் அவர் மேலதிகாரிக்கும், மேலதிகாரி தன் மேலதிகாரிக்கும் அதையே விளக்கிக்கொண்டு போகிறார்கள். பதவி உயர உயர விளக்கம் எளிதாகிக்கொண்டே வருவதும், உச்சியில் இருப்பவர் தனக்குச் சிறு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லும்படி கேட்பதும் அலுவலகத்தில் எண்களை மேலே கொண்டுசென்ற எவருக்கும் பழக்கமான அனுபவம்.

கணக்கை நேசிப்பவர் இந்தப் படத்தில் ஓரிடத்தில் காகிதத்தை எடுக்க வேண்டும். வேலையிழந்த அந்த மேலாளர் முன்பு பொறியாளராகப் பாலம் ஒன்று கட்டியவர். தினம் 12,100 பேர் அதைப் பயன்படுத்தினார்கள், ஒவ்வொருவருக்கும் போக 35 மைல், வர 35 மைல் மிச்சம், 22 ஆண்டுகள், மணிக்கு 50 மைல் வேகம் என்று மனக்கணக்காகப் பெருக்கிக்கொண்டே போய், அந்த ஒரு பாலம் மக்களின் வாழ்வில் 1,531 ஆண்டுகளைச் சேமித்தது என்று முடிக்கிறார். மாதத்துக்கு 30 நாள் என்று அவர் வழியிலேயே போட்டால், மொத்தம் 670 கோடியே 82 இலட்சத்து 40 ஆயிரம் மைல்; 50-ஆல் வகுத்தால் 13 கோடியே 41 இலட்சத்து 64 ஆயிரத்து 800 மணி நேரம்; 24-ஆல் வகுத்தால் 55 இலட்சத்து 90 ஆயிரத்து 200 நாள்; அதாவது சுமார் 15,300 ஆண்டுகள். மணியை நாளாக்கும் இடத்தில் ஒரு சுழியம் நழுவிவிட்டது. பத்து மடங்குப் பிழை! எண்களின் பிழையால் ஒரு நிறுவனமே கவிழும் கதையில், படத்தின் மிக அழகான பேச்சில் இது நடந்திருக்கிறது. அந்தப் பேச்சின் உணர்ச்சி இதனால் குறைவதில்லை. உண்மையான விடை அவருடைய வாதத்தை இன்னும் வலுவாக்கவே செய்கிறது.

இதன் விலை என்னவென்றால், நிதிக் கருவிகளைப் பற்றி படம் எதையும் சொல்லித்தருவதில்லை. தெரிந்துகொள்ள விரும்புபவர் தி பிக் ஷார்ட்டை எடுக்க வேண்டும். தெரிந்துவிட்டபின் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விரும்புபவர் இதை எடுக்க வேண்டும்.

## கன்டேஜியன்

ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய கொள்ளைநோய்ப் படம். கேட் வின்ஸ்லெட் வெள்ளைப் பலகையில் அடிப்படைப் பரவல் எண்ணை எழுதி, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கடத்துவார் என்று விளக்கும் காட்சி எந்த வகுப்புக்கும் ஏற்றது. தடுப்பூசி வந்தபின் யாருக்கு முதலில் என்பதைப் பிறந்த தேதிகளைக் குலுக்கிப்போட்டுத் தீர்மானிக்கும் பகுதியும் சிந்திக்கத் தகுந்தது.

எண்கள் சிலவற்றில் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை தன் முகத்தைத் தொடுகிறார் என்று படம் சொல்கிறது. மருத்துவ மாணவர்களைக் கவனித்து 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் கிடைத்த சராசரி மணிக்கு 23 முறை, அதாவது விழித்திருக்கும் நேரத்துக்கு நானூறுக்கும் குறைவு. படத்தில் வதந்தி பரப்பும் ஒரு பாத்திரம், இரண்டு, நான்கு, பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு என்று அடுக்கி, முப்பது படிகளில் நூறு கோடி என்கிறது. முப்பது முறை இரட்டித்தால்தான் நூறு கோடியைத் தாண்டும்; அது அடுக்கும் வரிசையோ ஒவ்வொரு படியிலும் வர்க்கமாகிறது, அந்த வேகத்தில் ஆறாவது எண்ணே நானூறு கோடிக்கு மேல். இரண்டு விதப் பெருக்கங்களைக் கலந்து அச்சமூட்டுவது அந்தப் பாத்திரத்தின் இயல்புக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. கோவிட் கொள்ளைநோயில் உறவுகளை இழந்தவர்கள் இந்தப் படத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை.

## 21

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் சீட்டுகளை எண்ணிச் சூதாட்ட விடுதிகளை வென்ற உண்மை நிகழ்வைத் தழுவியது. இந்த ஏழில் பார்க்க மிக எளிதானது, கணக்கில் மிகப் பலவீனமானது. வகுப்பறையில் மூன்று கதவுப் புதிர் வருகிறது: மூன்றில் ஒரு கதவின் பின்னால் பரிசு; நீங்கள் ஒன்றைத் தேர்ந்தபின், நிகழ்ச்சியை நடத்துபவர் வேறொரு வெற்றுக் கதவைத் திறந்துகாட்டி, தேர்வை மாற்றுகிறீர்களா என்று கேட்கிறார். தேர்வை மாற்றிக்கொண்டால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்ற விடை சரி. ஆனால் நிகழ்ச்சியை நடத்துபவர் உன்னை ஏமாற்றப் பார்த்தால் என்ன என்று பேராசிரியர் கேட்கும்போது, அது தனக்குப் பொருட்டில்லை என்று மாணவர் சொல்வது தவறு. நடத்துபவர் எந்நிலையிலும் வெற்றுக் கதவு ஒன்றைத் திறந்தே தீருவார் என்ற விதி இருந்தால்தான் அந்த மூன்றில் இரண்டு. நீங்கள் சரியான கதவைத் தேர்ந்தபோது மட்டும் அவர் வேறொன்றைத் திறப்பவராக இருந்தால், மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் தோற்பார்.

பெரிய விலை சூதாட்டத்தைப் பற்றிய எண்ணத்தில் இருக்கிறது. நன்றாக எண்ணுபவருக்கும் அனுகூலம் ஒரு விழுக்காட்டை ஒட்டியதே. ஆட்டத்துக்கு 100 டாலர் வைத்து நூறு ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய இலாபம் 100 டாலர்; அதன் ஏற்ற இறக்கமோ ஆயிரம் டாலருக்கும் மேல். அதாவது எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரும் நூறு ஆட்டங்களின் முடிவில் ஏறக்குறைய பாதி முறை நட்டத்தோடு எழுந்து போவார். இந்தச் சலிப்பூட்டும் நெடும்பாதையைப் படம் பளபளப்பான சில வார இறுதிகளாகச் சுருக்கிவிட்டது. கதைக்கு அடிப்படையான ஜெஃப் மா ஆசிய வம்சாவளியினராக இருக்க, நாயகன் வெள்ளையராக மாற்றப்பட்டதும் வெளியானபோதே கண்டனத்துக்கு உள்ளானது.

## வொர்த்

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோரின் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கும் நிதியத்தின் தலைவராக இருந்த கென்னத் ஃபைன்பெர்க்கைப் பற்றியது. மைக்கேல் கீட்டன் நடித்தது. வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட சூத்திரம் ஒன்றை உருவாக்கி, 80 விழுக்காடு குடும்பங்களையாவது சேர்த்துவிட வேண்டும் என்று அவர் தொடங்குகிறார். நிறுவனத் தலைவரின் உயிருக்கு ஒரு தொகை, பாத்திரம் கழுவியவரின் உயிருக்கு வேறொரு தொகை என்று சூத்திரம் தரும்போது, குடும்பங்கள் அதைக் கேட்டு என்ன செய்யும்? இந்த ஏழு படங்களிலும், கணக்கிடப்படுபவர்கள் கணக்கிடுபவரை நேராகப் பார்த்துப் பேசுவது இதில்தான் மிகுதி.

ஃபைன்பெர்க் கூட்டங்களில் எண்களைச் சரியாக விளக்குகிறார், ஒருவரும் சேருவதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அமர்ந்து கேட்கத் தொடங்கியபின்னரே விண்ணப்பங்கள் வருகின்றன. இறுதியில் 97 விழுக்காட்டினர் சேர்ந்தனர்; உயிரிழப்புக்கான தொகை இரண்டரை இலட்சம் டாலர் முதல் 70 இலட்சம் டாலருக்குச் சற்று மேல் வரை இருந்தது. இனியொரு முறை செய்வதானால் எல்லோருக்கும் சமமான தொகையே தருவேன் என்று ஃபைன்பெர்க் பின்னாளில் எழுதினார் என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் ஆழமாகும். நடை மெதுவானது, முதல் அரை மணி நேரத்துக்குப் பொறுமை வேண்டும்.

## எந்தச் சூழலில் எது

கணக்கு என்றாலே ஒதுங்கும் ஒருவரை அழைத்துவந்து உட்காரவைப்பதானால் மணிபால். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆய்வு, இதழியல், தணிக்கை போன்ற துறைகளில் இருப்பவர், அல்லது இருக்க விரும்புபவர், ஸ்பாட்லைட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மக்களுக்கான திட்டங்களில் தகுதி விதிகளையும் சூத்திரங்களையும் எழுதுகிறவர்களுக்கு வொர்த். அவர்களுக்கு வேறெந்தப் படமும் இவ்வளவு நேராகப் பேசாது.

புள்ளியியல் ஆசிரியருக்கு ஒரு முழுப் படமும் தேவைப்படாது. மார்ஜின் காலின் பாலப் பேச்சைக் காட்டிப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். 21-இன் கதவுப் புதிரைக் காட்டி, நடத்துபவரின் விதி மாறினால் விடை எப்படி மாறும் என்று கேட்கலாம். கன்டேஜியனின் வெள்ளைப் பலகைக் காட்சி தனியாகவே நிற்கும். கதையே வேண்டாம், எண்களை மட்டும் ஒருவர் ஆர்வத்தோடு பேசிக் கேட்க வேண்டும் என்பவருக்கு, ஹான்ஸ் ரோஸ்லிங் நடத்திய தி ஜாய் ஆஃப் ஸ்டாட்ஸ் (2010) என்ற ஒரு மணி நேர பிபிசி ஆவணப்படம் இந்த ஏழையும்விட ஏற்றது. 200 நாடுகளின் 200 ஆண்டு வரலாற்றை நான்கு நிமிடங்களில் நகரும் குமிழிகளாக அவர் காட்டும் பகுதி அதில்தான் இருக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் வரிசையும் முக்கியம். தி பிக் ஷார்ட்டை முதலில் பார்த்துவிட்டால், மார்ஜின் காலில் விளக்கப்படாமல் விடப்பட்டவை தடையாக இருக்காது. 21-ஐ மணிபாலுக்கு முன் பார்ப்பது நல்லது. பின்னால் பார்த்தால் அதன் மெலிவு உறுத்தும். ஸ்பாட்லைட்டையும் வொர்த்தையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் துயரத்தில் இருப்பவர்கள். ஒன்றிலிருந்து மீண்டுவரவே சில நாட்கள் ஆகும்.